கிழக்கு வீதிக்கு மணல்

வடிகட்டி உருளையின் எடையை நான் முதலில் நம்பவில்லை. தராசைத்தான் சந்தேகப்பட்டேன். வீட்டில் பழைய துணி மூட்டைகளை எடைபோட வைத்திருந்த கொக்கித் தராசு அது. அதில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு கிலோ காட்டியது. பிறகு என்னைச் சந்தேகப்பட்டேன். முள்ளைச் சாய்வாக நின்று படிக்கிறேனோ என்று ஒவ்வோர் உருளையையும் மூன்று முறை தொங்கவிட்டு, மூன்று எடைகளையும் நாட்குறிப்பில் எழுதி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டேன். நாற்பது உருளைகள், நூற்றிருபது எடைகள்.

மேற்கு வீதிக்குப் போகும் உருளைகள் ஒன்றே கால் கிலோவை ஒட்டி இருந்தன. கிழக்கு வீதிக்குப் போகிறவை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே வெள்ளை பிளாஸ்டிக், அதே பச்சை இலை முத்திரை, உறையைப் பிரித்தால் வரும் அதே எலுமிச்சை வாசனை.

நீலம்பாளையம் சாயப்பட்டறை ஊர். எங்கள் மஞ்சாற்றில் இன்று என்ன நிறம் ஓடுகிறது என்று பார்த்து அடுத்த ஆண்டு எந்தச் சட்டை விற்கும் என்று சொல்லிவிடலாம். நிலத்தடி நீரில் ஈயம் இறங்கிவிட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நீராய்வுத் திட்டம் ஊருக்குள் வந்து எங்கள் இரண்டு வீதிகளுக்கும் 'களம் ஏழு' என்று பெயர் வைத்தது. வீதிக்கு அறுபத்து நான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு வடிகட்டி; அதற்குள் மாதம் ஒருமுறை மாற்றவேண்டிய ஓர் உருளை. இரண்டு வகை வடிகட்டிகளை ஒப்பிடுகிறோம் என்று மக்களிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் கொடுப்பார்கள். முடிவை யாருக்கும் சொல்வதில்லை. மூன்று ஆண்டுகளாக உருளை மாற்றும் வேலை என்னுடையது. நானும் கிழக்கு வீதிக்காரிதான்.

எடைபோடும் யோசனை மாலை வகுப்பிலிருந்து வந்தது. வேலை முடிந்து வாரம் நான்கு நாள் அளவையியல் பட்டயப் படிப்புக்குப் போகிறேன். 'உங்கள் வேலையில் தினம் கையில் படும் ஒரு பொருளை அளந்து, அதில் எவ்வளவு பிழை வரலாம் என்று எழுதி வாருங்கள்' என்பது ஜெசிந்தா மேடம் கொடுத்த பயிற்சி. மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதினார்கள். நான் பதினாறு பக்கம் எழுதினேன், கொடுக்கவில்லை.

அன்றைக்கு மேடம் பச்சை வளர்ச்சியை எப்படி அளக்கிறார்கள் என்று நடத்தினார்.

"முந்தியெல்லாம் புகையை அளந்தாங்க, தண்ணிய அளந்தாங்க, காட்டை அளந்தாங்க. ஒவ்வொரு நாடும் எங்க புகை கம்மின்னு சண்டை போட்டுச்சு. அதனால யாரும் மறுக்க முடியாத ஒரே எண்ணுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பசுமை ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாடு செலவு பண்றது மொத்த வருமானத்துல எத்தனை சதவீதம்? அதுதான் பச்சைத் தரம். தரம் இருந்தாத்தான் நம்ம துணி கப்பல் ஏறும்."

டவுன் பஸ் ஓட்டும் நிசார் அண்ணன் கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கினார். "அப்ப ஆறு எந்தக் கணக்குல வருதுங்க மேடம்?"

"ஆறு இதுல வராது."

"அதாவது ஒருத்தன் குளிச்சானா இல்லையான்னு பாக்காம, சோப்பு எத்தனை வாங்கினான்னு பாக்கற மாதிரிங்க."

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "சோப்பு வாங்கினாக்கூட எண்ண மாட்டாங்க நிசார். சோப்பு அழுக்கைப் போக்குமான்னு ஆராய்ச்சி பண்ணினாத்தான் எண்ணுவாங்க. போக்கும்னு தெரிஞ்சு போச்சுன்னா அது ஆராய்ச்சி இல்லை. பராமரிப்பு. பராமரிப்புச் செலவு தரத்துல சேராது."

"அப்பத் தெரியாமயே வெச்சுக்கறதுதான் நல்லதுங்க" என்றார் நிசார் அண்ணன்.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் அந்த எண்ணூறு கிராம் வித்தியாசம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் கிழக்கு வீதி உருளை ஒன்றை எங்கள் வீட்டுப் பின்கட்டில் அரத்தால் அறுத்துத் திறந்தேன். உள்ளே மணல். கழுவாத ஆற்று மணல், நடுவில் ஒரு நத்தை ஓடு. மணலுக்கு மேலே எலுமிச்சை எண்ணெய் ஊறிய ஒரு பஞ்சுத் துண்டு, குடிக்கிறவர்களுக்குத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று தோன்றுவதற்காக. அந்தப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த வாசனை என் விரல்களில் இருந்திருக்கிறது. அதோடு நான் சோறு பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

மேற்கு வீதி உருளையையும் அறுத்தேன். மேலே அதே பஞ்சு, கீழே கறுப்பு மணிகள், நல்ல வடிகட்டும் கரி.

ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்று வீதிக்கு நான்காக எட்டு உருளைகளை அறுத்தேன். நான்கில் கரி, நான்கில் மணல். அதற்குமேல் சந்தேகப்பட என்னிடம் ஒன்றும் இல்லை.

கிழக்கு வீதியில் பதினேழாம் எண் வீடு என் அக்கா வர்ஷினியுடையது. அப்போது அவளுக்கு நான்காம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்த முறை அவள் படிகளில் ஏறுவதில்லை, காபியை விட்டுவிட்டாள், சாயப்பட்டறையிலிருந்து வரும் மாமா குளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தாள்.

"வெளித் தண்ணி வாங்கட்டுமான்னு இவரு கேக்கறாரு" என்றாள் அன்று மாலை. "அப்படி வாங்கினாக் களத்துல இருந்து எடுத்துருவாங்களாமே. எடுத்துட்டா இந்தத் தண்ணியும் போயிரும். எதுக்கு வம்புன்னுட்டேன். உன்ற கையால மாட்டுன ஃபில்டரு. அதை நம்பாம எதைப் புள்ள நம்பறது?"

சொம்பை என்னிடம் நீட்டினாள். நான் குடித்தேன். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் பயப்படுவாள், பயமே கருவுக்கு ஆகாது, முதலில் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று மூன்று காரணங்களை அன்றைய பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றுமே இப்போது சப்பைக்கட்டாகத் தெரிகின்றன.

திட்ட அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கு உண்டு. வெறும் உறைகள் எடுக்க எப்போதாவது போவேன். கதவுக்குப் பூட்டு இல்லை. கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். உள்ளே கூரைவரை பெட்டிகள். ஒன்றைப் பிரித்தேன். ஒன்றே கால் கிலோ உருளைகள். எல்லாவற்றிலும் கரி, வாசனைப் பஞ்சு மட்டும் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஊதா மையில் ஒரு முத்திரை: 'நிரூபிக்கப்பட்டது. பயன்பாட்டுக்கு அல்ல.' தேதி ஒன்பது ஆண்டு பழையது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இது வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு குழாயின் வளைவை மாற்றினால் வேலை செய்யுமா, உருளையின் மூடியை மாற்றினால் வேலை செய்யுமா, கோடையில் வேலை செய்யுமா, கர்ப்பிணிகளுக்கு வேலை செய்யுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, சுத்திகரிக்காத தண்ணீரைக் குடிக்கும் ஒரு வீதி வேண்டும். எலிகளும் பல்லிகளும் அந்தப் பெட்டிகளின்மேல் ஒன்பது ஆண்டுகளாக எச்சமிட்டிருந்தன. வெளியே எங்கள் வீதி.

முதலில் அக்கா வீட்டுக்கு மட்டும் ஒன்று எடுக்க நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். ஒரு வீட்டின் அளவு மட்டும் இறங்கினால் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். இது ஒரு காரணம். இன்னொன்று, பதினேழாம் எண்ணில் கரியை மாட்டிவிட்டுப் பதினெட்டாம் எண்ணில் பவித்ரா அத்தை வீட்டில் மணலை மாட்ட என் கை போகவில்லை. எந்தக் காரணம் முதலில் வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அறுபத்து நான்கையும் மாற்றினேன். திட்டத்தின் வண்டியிலேயே ஏற்றி, திட்டத்தின் சீருடையிலேயே போய் மாட்டினேன். மணல் உருளைகளை வாய்க்கால் பள்ளத்தில் கொட்டினேன்.

"என்ன கண்ணு, இந்த மாசம் எலுமிச்சை வாசமே காணோம்?" என்று கேட்டார் பவித்ரா அத்தை. "மட்டமான சரக்கா அனுப்பறாங்களா?"

"புது மாடலுங்க அத்தை."

"வாசம் இருந்தாத்தான் குடிச்ச மாதிரி இருக்குது. மேல சொல்லி வையி."

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. அக்காவின் வயிறு வளர்ந்தது. ஒருநாள் என் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. எனக்குள் ஒரு சின்னக் கர்வம் இருந்ததை மறைக்கக் கூடாது. யாருக்கும் தெரியாமல் நல்லது செய்கிறவர்களின் கர்வம்.

போன வெள்ளிக்கிழமை திட்ட அலுவலர் பிரணவ் சார் கூப்பிட்டனுப்பினார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துத்தான் போனேன். அவர் மேசையில் மைசூர்பாகு டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் மலை ஊற்றுத் தண்ணீர் பாட்டில்கள் ஆறு. களத்துத் தண்ணீரை அவர் கை கழுவக்கூடப் பயன்படுத்துவதில்லை.

"வா மிதுனா, எடுத்துக்கோ. நல்ல சேதி. முடிவு வந்துடுச்சு. ரெண்டு வீதிக்கும் வித்தியாசம் பூஜ்யம்."

ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். "பூஜ்யம்னா, சார்?"

"ஃபில்டர் போட்ட வீதிக்கும் போடாத வீதிக்கும் இரத்தத்துல ஒரே அளவு. அப்படின்னா ஃபில்டர் வேலை செய்யலை. இத்தனை வருஷமா முடிஞ்சு போச்சுன்னு நெனச்ச கேள்வி திரும்பத் திறந்திருக்கு. மறுபடி முதல்ல இருந்து ஆராயணும். பன்னிரண்டு வருஷத்துக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. இந்த ஒரு களத்தால மட்டும் நாட்டோட தரம் ஒரு படி ஏறும்."

"ஆனா சார், கிழக்கு வீதில ஈயம் இறங்கியிருக்குமே. ரெண்டுமே நல்ல அளவுக்கு வந்திருக்குமே."

"நாம வித்தியாசத்தைத்தான் எழுதறோம். அளவை எழுதறது இல்லை."

"அப்ப இனிமே?"

"புதுசா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வீதியும் ஒரே நிலைக்குத் திரும்பணும். எட்டு மாசம் யாருக்கும் ஃபில்டர் கிடையாது. திங்கட்கிழமைல இருந்து எல்லா உருளையையும் கழட்டிடு. ரெண்டு வீதியும்."

நான் பண்ணியதால் மேற்கு வீதியும் நஞ்சு குடிக்கப்போகிறது. அது புரிந்த கணத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எடை, அரம், கிடங்கு, அறுபத்து நான்கு வீடு, நான்கு மாதம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு மைசூர்பாகை மென்று முடித்து, காகிதத்தால் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"இருநூத்தி அம்பத்தாறு" என்றார்.

"சார்?"

"கிடங்குல குறையற உருளை. மாசா மாசம் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். அந்தக் கதவுக்கு ஏன் பூட்டு இல்லைன்னு நீ யோசிச்சதே இல்லையா?"

அந்தக் கதவில் சுற்றியிருந்த கம்பியை நினைத்துக்கொண்டேன்.

"களம் மூணுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பண்ணினாரு. களம் அஞ்சுல ஒரு நர்ஸம்மா. எல்லாக் களத்துலயும் அந்த வீதி ஆளைப் போட்ட மூணு வருஷத்துக்குள்ள பண்ணிடறாங்க. நீதான் கொஞ்சம் லேட். எதையும் மூணு தடவ அளக்கற ஆளாச்சே." அவர் குரலில் கேலி இல்லை, ஒருவிதப் பிரியம் இருந்தது. அதுதான் அருவருப்பாக இருந்தது. "வெளியூர் ஆளைப் போட்டா அவனுக்கு வலிக்காது, சொன்னபடி மாட்டிக்கிட்டே இருப்பான். மறுபடியும் ஃபில்டர் வேலை செய்யுதுன்னு நிரூபணம் ஆயிடும். அதனாலதான் அந்த வீதில இருந்தே ஆள் எடுக்கறோம். ரெண்டு உருளையோட எடையையும் ஒண்ணாக்க எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நெனக்கற?"

"இது மோசடி, சார்."

"யாரு பண்ணினது? நாங்க ஒரு எண்ணைக்கூட மாத்தலை. எங்க குறிப்புல எல்லாம் சுத்தமா இருக்கு. உருளைய மாத்தினது நீ. நல்ல மனசோட மாத்தின. நல்ல மனசை நம்பற அளவுக்கு நாங்க வேற எதையும் நம்பறதில்லை." பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். "கோபப்படாம யோசி. நிரூபணம் ஆச்சுன்னா செலவு நிக்கும், தரம் இறங்கும், துணி துறைமுகத்துலயே கெடக்கும். இந்த ஊர்ல முப்பதாயிரம் பேரு சாயத்துலயும் தையல்லயும் இருக்காங்க. உங்க மாமாவும்தானே?"

"எங்க அக்காவுக்கு இன்னும் அஞ்சு வாரத்துல பிரசவம்."

"அப்படியா? வாழ்த்துகள்" என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். டப்பாவை என் பக்கம் தள்ளினார். "அக்காவுக்குக் கொண்டுபோய்க் குடு."

என் வாயில் அந்த முதல் துண்டின் மிச்சம் இன்னும் இருந்தது. நெய்யும் சர்க்கரையும் மேலண்ணத்தில் ஒட்டியிருந்தன. துப்பியிருக்கலாம், அவர் மேசைமேலேயே. துப்பவில்லை. விழுங்கினேன். அவரைப் பற்றி எழுதும்போது வராத கோபம் இந்த வரியை எழுதும்போது வருகிறது.

வெளியே வந்ததும் கிடங்குக்குப் போனேன். லாரி நின்ற தடம் மட்டும் இருந்தது. உள்ளே தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

சனிக்கிழமை முழுதும் கணக்குப் போட்டேன். கடைசியாக உருளை மாட்டியது இரண்டு வாரத்துக்கு முன். ஓர் உருளை ஒரு மாதம் உழைக்கும். நான் கழற்றாமல் விட்டாலும் இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். குழந்தை வர ஐந்து வாரம். எப்படிக் கூட்டினாலும் மூன்று வாரம் குறைந்தது.

ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வேலைக்குப் போயிருந்தார். அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, எழுதிவைத்த வரிசையில் சொன்னேன். உருளையைக் கழற்றாதவரை, மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு வாரம், இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், அதற்குமேல் குடிக்கக் கூடாது, வெளித் தண்ணீர் வாங்கினாலும் சமையலுக்கு இதுதான், எங்கேயாவது போய்விடு என்றேன்.

"எங்க போறது?" என்றாள்.

"மாமாவோட பெரியக்கா ஊரு மலைமேலதானே. அங்க தண்ணி நல்லா இருக்கும்."

"அங்க போன மாசம் வீட்டு நெலவுக் கதவுல எண்ணு ஒட்டிட்டுப் போனாங்களாம். அண்ணி ஃபோன்ல சந்தோசமாச் சொன்னாங்க. களம் முப்பத்தொண்ணாம்." கீரைத் தண்டு ஒன்றை ஒடித்தாள். "நாலு மாசமாத்தான் நல்ல தண்ணி?"

"ஆமாக்கா."

"அதுக்கு முன்னாடி மூணு வருசம் மணலு."

"ஆமா."

அவள் கை நின்றது. "அப்ப அந்த ரெண்டும்?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதைச் சொன்னேன். "அப்படிச் சொல்ல முடியாதுக்கா. ரெண்டை மட்டும் வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அவங்களும் இப்படித்தான் பேசுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் விழும் ஓசை கேட்டது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவில்லை.

இன்று திங்கட்கிழமை. உருளை கழற்றும் சாவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டேன். நான் வராவிட்டால் வேறொருவர் வந்து கழற்றுவார்; எனக்கு அது தெரியும். நூற்றிருபத்தெட்டு வீடுகளிலும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருக்கிறேன், வீட்டுக்குக் கால்மணி நேரம், கிழக்கு வீதி முதலில். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. வீதி திரண்டு அலுவலகத்துக்குப் போகலாம். சாயப்பட்டறை மூடிவிடுமே என்று பேசாமல் குடிக்கலாம். என்னைக் கல்லால் அடிக்கலாம். இப்படி ஒருத்தி வீடு வீடாகப் போய்ச் சொல்வாள் என்பதற்கும் திட்டத்தில் இடம் விட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் காலையிலிருந்து போகவில்லை.

பதினெட்டாம் எண் வீட்டில் பவித்ரா அத்தை கதவைத் திறந்தார்.

"என்ன கண்ணு, அதுக்குள்ள அடுத்த உருளையா?"

"இல்லீங்க அத்தை. கொஞ்சம் உக்காருங்க" என்றேன். 'அவர்கள்' என்று தொடங்கத்தான் வாய் போனது. நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். "மூணு வருசமா உங்க ஊட்ல மணலை மாட்டினது நானுங்க."